கேள்வி பதில்: ரெக்கார்ட் பட்டனை அழுத்திய பிறகு

இந்த முறை ஒலிப்பதிவை வைத்துப் படிப்பது, பாடம் நடத்துவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையப் பேர் கேட்டது "எந்த ஆப் நல்லது?" என்பதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன், இருப்பதிலேயே சின்ன விஷயம் அது.

கே: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வராதவர்களுக்கு உதவட்டுமே என்று முழு வகுப்பையும் போனில் பதிவு செய்து குரூப்பில் போடுகிறேன். முக்கால் மணி நேரம் ஓடும். எல்லாரும் ஒரு கும்பிடு பொம்மை போடுகிறார்களே தவிர, யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. (ஓர் ஆசிரியை)

ப: கேட்க மாட்டார்கள் டீச்சர். உங்கள் பதிவு ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள், ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். "இங்க பாருங்க, இது இப்படி வருது, அப்போ இது என்ன ஆகும்?" என்று கேட்டிருப்பீர்கள். கரும்பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த 'இது' எது என்று தெரியும், வீட்டில் ஹெட்போனோடு இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நடுவில் கதவு சாத்தும் சத்தம், வருகைப் பதிவு, "கடைசி பெஞ்ச், என்ன அங்க பேச்சு", எல்லாம் போகப் பாடம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். புத்தகமாக இருந்தால் கண்ணை ஓட்டி வேண்டிய பத்தியைப் பிடித்துவிடலாம். ஒலியில் அது நடக்காது, தள்ளித் தள்ளித் தேட வேண்டும், அதற்குள் பொறுமை போய்விடும்.

ஆசிரியர் சொல்லும் விளக்கத்தைப் பதிந்து வைத்தால் மாணவன் வேண்டும்போது திரும்பக் கேட்கலாமே என்ற யோசனை ஒன்றும் புதிதில்லை. 1877இல் போனோகிராஃபைச் செய்த எடிசன், அடுத்த வருடமே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார், அதில் இதுவும் இருந்தது, பார்வையற்றோருக்கான ஒலிப் புத்தகமும் இருந்தது. ஆனால் அவருடைய வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையில் கொஞ்ச நேரப் பேச்சுதான் பிடிக்கும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, போனில் இடம் கிடக்கிறது, அதனால் முக்கால் மணி நேரத்தையும் அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

நான் சொல்வது இதுதான். வகுப்பு முடிந்ததும், அன்று பிள்ளைகள் எந்த இடத்தில் முழித்தார்கள் என்று யோசித்து, அந்த ஒரே ஒரு முடிச்சை மட்டும் நாலைந்து நிமிடம் தனியாகப் பேசிப் பதியுங்கள். ஒளிவிலகல் நடத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும் கதிர் ஏன் செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது, உள்ளே போனதும் ஒளியின் வேகம் குறைவதால் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அப்புறம்தான் முக்கியமான விஷயம்: "சரி, கதிர் சாயாமல் நேர் செங்குத்தாக உள்ளே போனால் வளையுமா? பதிவை நிறுத்து. விடையை நோட்டில் எழுது. எழுதிவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, சில விநாடி உண்மையாகவே பேசாமல் இருங்கள். பிறகு, "வளையாது. அப்படியானால் வேகமும் குறையவில்லையா? இதற்கும் நிறுத்து, எழுது." மறுபடி மௌனம். "குறையும். வேகம் குறைவது எப்போதும் உண்டு, வளைவது சாய்ந்து நுழைந்தால் மட்டும்." இவ்வளவுதான் ஒரு பதிவு.

அந்த மௌனம் எதற்கு என்றால், திரும்பத் திரும்பக் கேட்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதுதான் மனதில் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தது, இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தவன் "எல்லாம் தெரியும் டீச்சர்" என்று தெம்பாகச் சொல்வதும், அடுத்த வாரம் அதே கேள்விக்கு விழிப்பதும் இதனால்தான்.

இன்னொன்று, வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். அதற்குப் பெயர் கிடையாது, நூறு செய்திக்கு அடியில் புதைந்துவிடும். கோப்பாகச் சேமித்து, "ஒளிவிலகல் – ஏன் வளைகிறது – 4 நிமிடம்" என்று பெயர் வைத்து அனுப்புங்கள். எத்தனை நிமிடம் என்று பெயரிலேயே இருந்தால் திறக்கத் தயங்க மாட்டார்கள்.

கே: மகள் மூன்றாம் வகுப்பு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், ஒவ்வொரு வார்த்தையிலும் நிற்கிறாள். கதையைக் கேட்கச் சொன்னால் மணிக்கணக்கில் கேட்பாள். ஆடியோ கதைகளையே போட்டுக் கொடுத்தால் படிக்கச் சோம்பேறி ஆகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா)

ப: வெறுமனே கேட்டால் கதை ரசனை வளரும், சொல்வளம் வளரும், படிப்பு வளராது. ஆனால் கேட்டுக்கொண்டே புத்தகத்தையும் பார்த்தால் கதை வேறு. 1976இல் கரோல் சாம்ஸ்கி என்ற மொழியியலாளர் உங்கள் மகளைப் போலவே இருந்த ஐந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு எழுத்து தெரியும், கூட்டவும் தெரியும், அதற்கு மேல் போக முடியவில்லை, படிப்பு என்றாலே வெறுப்பு. அவர் கூடுதலாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுக் கதைப் புத்தகங்களை டேப்பில் பதிந்து கொடுத்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேளுங்கள், சரளமாகப் படிக்க வரும் வரை விடாதீர்கள் என்றார். முதல் புத்தகம் வாரக்கணக்கில் இழுத்தது. அடுத்தடுத்த புத்தகங்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் சாமுவேல்ஸ் என்பவரும் சின்னப் பகுதி ஒன்றையே சரளம் வரும் வரை மறுபடி மறுபடி வாசிக்க வைக்கும் முறையை 1979இல் எழுதினார், இன்றும் வாசிப்புப் பயிற்சி என்றால் அதைத் தொடாமல் இருக்க முடியாது.

கடையில் கிடைக்கும் ஆடியோ கதை இதற்கு அவ்வளவாக உதவாது. நடிகர்கள் குரல் மாற்றிப் பேசி, பின்னணி இசை போட்டு, குழந்தையின் விரல் தொட முடியாத வேகத்தில் ஓடுவார்கள். நீங்களே பதியுங்கள் அம்மா. உங்கள் குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் பிடித்த கதையில் ஒரு பக்கம் போதும், கொஞ்சம் மெதுவாக, ஆனால் வார்த்தை வார்த்தையாகப் பிய்க்காமல் வாசியுங்கள். இதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். "மழை... நின்றதும்... குளத்தின்... கரையில்..." என்று வாசித்தால் அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையே நீங்களும் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று ஆகும். "மழை நின்றதும், குளத்தின் கரையில் இருந்த தவளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீருக்குள் குதித்தன" என்று கொத்துக் கொத்தாக வாசியுங்கள், கொத்துகளுக்கு நடுவில் மட்டும் இடைவெளி விடுங்கள். பொருள் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பது அந்த இடைவெளியில்தான் அவளுக்குப் பிடிபடும். புத்தகத்திலும் அந்த இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு சாய்கோடு போட்டு வைக்கலாம்.

முதல் நாள் விரல் வைத்துக் கேட்கட்டும். மறுநாள் பதிவோடு சேர்ந்து வாய்விட்டு வாசிக்கட்டும். அப்புறம் பதிவை நிறுத்திவிட்டுத் தனியாக வாசிக்க வைத்து, அதை நீங்கள் பதிந்து வையுங்கள். அதே பக்கத்தைச் சில நாள் கழித்து மறுபடி பதிந்து, இரண்டையும் அவளுக்கே போட்டுக் காட்டுங்கள். "நல்லா படிச்சே" என்று நாம் பத்துத் தடவை சொன்னாலும் நம்பாத குழந்தை, தன் காதால் கேட்டால் நம்பும். அந்தப் பழைய பதிவைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிச் சிரிக்க மட்டும் வேண்டாம்.

சில மாதம் இப்படி விடாமல் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் திட்டிப் பயனில்லை. கண், காது இரண்டையும் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தின் ஒலி வடிவம் ஒரு சலுகையே இல்லை, மற்றவர்களோடு பாடத்தில் சேர்ந்து போக அது அவசியம்.

கே: ரெக்கார்டட் லெக்சர் எல்லாவற்றையும் 2எக்ஸில்தான் கேட்கிறேன். புரிகிற மாதிரிதான் இருக்கிறது. தப்பா? (கல்லூரி மாணவர்)

ப: தப்பில்லை தம்பி, ஆனால் அந்த 'மாதிரி'தான் உதைக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2021இல் இதைச் சோதித்தார்கள். இரண்டு மடங்கு வேகம் வரை புரிதலில் பெரிய இழப்பு இல்லை, அதைத் தாண்டினால் சரிகிறது. ரொம்ப உற்சாகப்பட வேண்டாம், அவர்கள் போட்டுக் காட்டியவை ரோமப் பேரரசு, சொத்து மதிப்பிடுதல் என்று கதை போலச் சொல்லிப் போகிற உரைகள். வகையீட்டுச் சமன்பாட்டை அதே வேகத்தில் போட்டால் அதே முடிவு வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: இரட்டை வேகத்தில் இரண்டு தடவை பார்த்து, அதில் இரண்டாவது தடவையைத் தேர்வுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டவர்கள், சாதாரண வேகத்தில் ஒரே தடவை பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மிச்சம் பிடித்த நேரத்தை அதே பாடத்திலேயே திரும்பப் போட்டால்தான் லாபம்.

புதுப் பாடம் என்றால் சாதாரண வேகம், கை பாஸ் பட்டன் மேல். தெரிந்த பாடம் என்றால் பறக்கலாம். இடையில் ஒரு இடத்தில் நிறுத்தி, கடைசியாக என்ன சொன்னார் என்று உன் வாயால் சொல்லிப் பார், வரவில்லையென்றால் வேகத்தைக் குறை.

கே: தூங்கும்போது பாடத்தை மெதுவாக ஓடவிட்டால் ஆழ்மனதில் பதியுமாமே? (பிளஸ் டூ மாணவி)

ப: பதியாது. 1956இல் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் மூளை அலைகளை அளந்து, ஆள் நிஜமாகவே தூங்குகிறார் என்று உறுதி செய்துகொண்டு சொற்பட்டியலை ஓடவிட்டார்கள். காலையில் எதுவும் நினைவில்லை. அதற்கு முன்னால் 'பதிந்தது' என்று வந்த முடிவுகளில் பல, ஆள் அரைத்தூக்கத்தில் விழித்திருந்ததால் வந்தவை. படித்தது மூளையில் உறுதிப்படத் தூக்கம் தேவைதான், அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது போனை அணைத்துவிட்டுத் தூங்குவது.

கே: ஒரு ஆன்லைன் டெஸ்டில் என் மகன் 'ஆடிட்டரி லேர்னர்' என்று வந்தது. அதிலிருந்து புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறான், எல்லாம் ஆடியோவாக வேண்டுமாம். (ஒரு அப்பா)

ப: பையன் கெட்டிக்காரன். அந்த டெஸ்ட் அளப்பது அவனுக்கு எது பிடிக்கும் என்பதை மட்டும்தான். பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் 2008இல் தேடிப் பார்த்து, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதற்காக ஆடியோ மட்டம் என்றும் இல்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு வாழ்க்கைக் கதையின் பகுதிகளை ஒரு குழு கேட்டது, ஒரு குழு படித்தது, ஒரு குழு இரண்டையும் சேர்த்துச் செய்தது, மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2010இல் வந்த இன்னொன்றில் மாணவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பாட்காஸ்டாகக் கேட்டார்கள், அதையே படித்தவர்களைவிட மதிப்பெண் நன்றாகவே குறைந்தது. என் கணிப்பு இது: கதை ஓட்டமுள்ளதைக் காது தாங்கும். ஒவ்வொரு வரியிலும் நின்று, மேலே போய், திரும்பி வந்து படிக்க வேண்டியதைத் தாங்காது. வரலாற்றை ஆடியோவில் கொடுங்கள், வேதியியல் சமன்பாட்டுக்குப் பேனாவைக் கொடுங்கள். டெஸ்ட் முடிவைக் கிழித்துப் போடுங்கள்.

கே: சொல்லிப் பார்த்துப் பதிவு செய்து கேட்டால் நல்லது என்கிறார்கள். என் குரலை என்னாலேயே கேட்கச் சகிக்கவில்லை. (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

ப: எல்லாருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் போகிறது, எலும்பு கனமான ஒலிகளை நன்றாகக் கடத்தும். பதிவில் அந்தக் கனம் இருக்காது, அதனால் கீச்சென்று யாரோ பேசுவது போல இருக்கும். மற்றவர்கள் கேட்பது அந்தக் குரலைத்தான். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஃபாரின், மெக்லியோட் என்ற இருவர் 2018இல் நான்கு வழிகளை ஒப்பிட்டார்கள். வாய்விட்டுப் படித்தது முதலிடம், தன் குரல் பதிவைக் கேட்டது அடுத்து, பிறர் குரலைக் கேட்டது அதற்கும் அடுத்து, மனதுக்குள் படித்தது கடைசி. ஆக, யாரோ ஒருவர் பதிந்து விற்கும் 'ரிவிஷன் ஆடியோ'வைவிட உங்கள் சகிக்காத குரல் ஒரு படி மேல்.

ஆனால் புத்தகத்தைப் பார்த்து வாசித்துப் பதியாதீர்கள். மூடி வைத்துவிட்டு, யாருக்கோ விளக்குவது போல மூன்று நிமிடம் பேசுங்கள். உதாரணமாகப் பணவீக்கம். பேசியதைத் திரும்பக் கேட்கும்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்கள் "அது வந்து...", "அதாவது...", "ஒரு மாதிரி..." என்று இழுத்த இடங்களை மட்டும் குறியுங்கள். "விலை ஏறும்போது, அது வந்து, பணத்தோட... அதாவது மதிப்பு..." என்று தடுமாறியிருந்தால் வாங்கும் திறன் என்ற கருத்து உங்களுக்குள் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். மறுபடி பேசிப் பதியுங்கள். மாடல் டெஸ்ட்கூட இவ்வளவு துல்லியமாக ஓட்டையைக் காட்டாது, அதில் குத்துமதிப்பாக டிக் அடித்துத் தப்பிக்கலாம்.

கே: பார்வையற்ற கல்லூரி மாணவன் நான். நண்பர்கள் பாடங்களை வாசித்துப் பதிந்து தருகிறார்கள், நன்றிக்கடன் இருக்கிறது, ஆனால் தேவையான இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போகிறது. தமிழ்ப் பிடிஎஃப் கொடுத்தால் போன் ஏதோ உளறுகிறது.

ப: இரண்டும் வேறு வேறு பிரச்சினை. முதலில் உளறல். உங்கள் போனில் கோளாறு இல்லை. பழைய தமிழ்ப் புத்தகக் கோப்புகள் பல, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், திரை வாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் அதை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் படத்திலிருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் வழியாக அனுப்ப வேண்டும். டெசராக்ட் இலவசம், தமிழ் தெரியும், மங்கலான தாளில் கொஞ்சம் சொதப்பும். கணினி இருந்தால் என்விடிஏ திரை வாசிப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான், 2006இல் பார்வையற்ற இளைஞர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: நோட்ஸை யூனிகோடில் தட்டச்சு செய்து டெக்ஸ்ட் கோப்பாகவே கொடுத்துவிட்டால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

அடுத்தது தேடல். பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் 1930களிலேயே இசைத்தட்டில் வந்துவிட்டன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட நேர இசைத்தட்டு பாட்டுக் கேட்பவர்கள் கைக்குப் பரவலாக வந்தது 1948க்குப் பிறகுதான், அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னாலேயே பேசும் புத்தகங்கள் அந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றிலும், பின்னால் வந்த கேசட்டிலும் இருந்த குறை உங்களுடையதேதான்: 143ஆம் பக்கத்துக்கு எப்படிப் போவது? அதற்காக வந்ததுதான் டெய்சி என்ற ஒலிப்புத்தக வடிவம், 1996இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு கூட்டமைப்பே வைத்தன. தலைப்பு, துணைத்தலைப்பு, பக்கம் என்று எங்கு வேண்டுமானாலும் தாவலாம். உங்கள் புத்தகம் அந்த வடிவில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2013இல் மரகேஷ் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு, அதில் சேர்ந்த நாடுகளுக்குள் இந்தக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதும் எளிதாகியிருக்கிறது.

கிடைக்காதவற்றை நண்பர்கள் வாசித்துத்தான் ஆக வேண்டும். அவர்களிடம் கூச்சப்படாமல் இதைச் சொல்லுங்கள்: முழு அத்தியாயத்தை ஒரே கோப்பாகப் பதிய வேண்டாம், துணைத்தலைப்புக்கு ஒரு கோப்பு, பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண். ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் "பக்கம் 143" என்று சொல்ல வேண்டும், வகுப்பறையில் மற்றவர்கள் பக்க எண் வைத்துத்தான் பேசுவார்கள். படத்தை "இங்கே ஒரு படம் இருக்கிறது" என்று தாண்டக் கூடாது. வரைபடம் என்றால் கிடை அச்சில் என்ன, நிமிர் அச்சில் என்ன, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, எங்கே திரும்புகிறது என்று சொல்ல வேண்டும். பெயர்ச்சொற்களை ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொன்னால் விடைத்தாளில் உதவும். நாடகம் போட வேண்டாம், சமமான குரலில் வாசித்தால் உங்களுக்கு வேகத்தைக் கூட்டிக் கேட்க வசதியாக இருக்கும். பழகிய காது போகும் வேகத்தைப் பார்த்துவிட்டு, மேலே 2எக்ஸ் பற்றிக் கேட்ட தம்பி கொஞ்சம் அடங்கட்டும்.

கே: லெக்சரைப் பதிவு செய்து, ஏஐயில் போட்டு எழுத்தாக்கி, சுருக்கமும் வாங்கிவிடுகிறேன். இனி நோட்ஸ் எடுக்கவே தேவையில்லைதானே? (பொறியியல் மாணவி)

ப: எழுத்தாக்கம் நல்ல வசதி, மறுக்கவில்லை. 2022இல் வெளியான விஸ்பர் என்ற எழுத்தாக்க மென்பொருள் ஏறத்தாழ 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது, தமிழும் ஓரளவு எழுதும். ஆனால் நம் வகுப்புகளில் ஓடுவது பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். எண்கள், பெயர்கள், சூத்திரங்கள் என எங்கே தப்பு வந்தால் மதிப்பெண் போகுமோ அங்கேதான் அது சறுக்கும். "எக்ஸ் ஸ்கொயர் பை டூ" என்று அவர் சொன்னது வர்க்கம் மேலேயா, பின்னம் முழுசுக்குமா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. இன்னொரு வினோதமும் உண்டு, ஆள் பேசாமல் இருக்கும் இடத்தில் சொல்லாத வாக்கியத்தை அதுவாகவே இட்டு நிரப்பிவிடும், படிக்கச் சரளமாக இருப்பதால் சந்தேகமே வராது. ஆகவே அதைத் தேடுவதற்கான அட்டவணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 'என்ட்ரோபி' எங்கே வந்தது என்று எழுத்தில் தேடி, அந்த நிமிடத்துக்குப் போய்க் காதால் கேளுங்கள்.

சுருக்கத்தைப் பற்றி: எது முக்கியம், எதை விடலாம் என்று முடிவு செய்வதில்தான் படிப்பே இருக்கிறது, அதை ஏஐ செய்துவிட்டால் படித்தது அதுதான். வகுப்பில் முழு நோட்ஸ் வேண்டாம், நேரத்தை மட்டும் ஓரத்தில் குறியுங்கள், "10:25, ஏன் மைனஸ்?" என்று. சாயங்காலம் அந்த நிமிடத்தை மட்டும் கேட்டு, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு ஏஐ சுருக்கத்தைத் திறந்து, எதை விட்டீர்கள் என்று ஒப்பிட்டால் அதற்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கே: ஆசிரியருக்குச் சொல்லாமல் பதிவு செய்யலாமா?

ப: கூடாது. கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். சொந்தப் படிப்புக்கு மட்டும், யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக் கேளுங்கள், சொன்னபடி இருங்கள். அந்தப் பதிவில் உங்கள் ஆசிரியர் மட்டும் இல்லை, தப்பாகப் பதில் சொல்லி அசடு வழிந்த உங்கள் வகுப்புத் தோழனும் இருக்கிறான்.

கே: கடைசியாக, எந்த ஆப், எந்த மைக்?

ப: போனில் ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டர் போதும். வெட்ட ஒட்ட வேண்டுமென்றால் கணினியில் ஆடாசிட்டி, இலவசம். பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம், மோனோ, 64 கிலோபிட் எம்பி3 வைத்தால் ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிக்குள் முடிந்துவிடும். அதையே சிடி தர வேவ் கோப்பாக வைத்தால் நிமிடத்துக்குப் பத்து எம்பி, டேட்டா குறைவாக வைத்திருக்கும் மாணவனுக்கு அது தண்டனை.

மைக்குக்குச் செலவு செய்வதற்கு முன்னால் தூரத்தைச் சரிசெய்யுங்கள். வாயிலிருந்து ஒரு சாண், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், அப்போதுதான் 'ப' வரும்போது காற்று மோதிப் படபடக்காது. தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். திரைச்சீலை, மெத்தை இருக்கும் அறை நல்லது, காலி அறை வேண்டாம்.

கேட்பவர்கள் பக்கம் ஒன்றே ஒன்று, சத்தம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75. பதிவு தெளிவாக இல்லையென்றால் பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டித்தான் கேட்பார்கள். அதனால் அனுப்புவதற்கு முன் பத்து விநாடி பதிந்து, உங்கள் விலை உயர்ந்த ஹெட்போனில் கேட்காமல், வீட்டில் இருப்பதிலேயே மட்டமான போனின் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்டால் மீதியைப் பதியலாம்.